மேயரின் நாற்காலி: ஜார்ஜ்டவுனும் ஸ்டுட்கார்ட்டும்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் பெரும்பாலும் இலக்கியமும் இலக்கணமுமே பேசப்பட்டு வருகின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. நகரத் தலைமை என்னும் ஒரு பதவியைப் பற்றி, அதிலும் குறிப்பாக அப்பதவியில் ஒருவர் எத்தனை ஆண்டு இருக்கிறார், ஏன் இருக்கிறார், ஏன் இருக்க முடியாமல் போகிறது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மொழிமன்றத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஊர் வரலாற்றை நம் மொழியில் எழுதிவைக்காவிட்டால் அது பிறர் மொழியில் பிறர் நினைவாக மட்டுமே எஞ்சும். அக்கவலையே இப்பொருளைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'மேயர்' என்னும் சொல் இலத்தீனில் 'பெரியவர்' என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து வந்தது. மலாயில் 'டத்தோ பண்டார்' என்கிறோம். 'பண்டார்' பாரசீகத்தில் துறைமுகத்தைக் குறித்த சொல். ஆக நம் நாட்டில் நகரத் தலைவர், சொல்லளவில், துறைமுகத்தின் பெரியவர். ஜெர்மானியர் 'பியூர்கர்மைஸ்டர்' என்பர். 'பியூர்கர்' என்றால் குடிமகன். 'மைஸ்டர்' என்றால் தலைவன். தமிழில் நாம் 'மாநகர முதல்வர்' என்று எழுதுகிறோம். மேடைகளில் 'மாநகரத் தந்தை' என்றும் அழைக்கிறோம். எங்களுக்கு இந்த இரண்டாவது சொல்லின்மீது ஒரு மனக்குறை உண்டு. தந்தையை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. தந்தையை மாற்றவும் முடியாது. குடிமக்களால் அமர்த்தப்படுபவரையும் குடிமக்களால் நீக்கப்படக்கூடியவரையும் தந்தை என்று அழைப்பது பொருத்தமா என்பதை இங்குள்ள தமிழாசிரியர்கள் ஆய்ந்து சொல்லலாம்.

ஜெர்மனியின் தென்மேற்கே ஸ்டுட்கார்ட் என்றொரு நகரம் இருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1945 முதல் 1996 வரை 51 ஆண்டுகளில் அந்நகரத்திற்கு இரண்டே மேயர்கள் இருந்தனர். முதலாமவர் ஆர்னுல்ஃப் கிளெட் என்னும் வழக்கறிஞர். எக்கட்சியையும் சாராதவர். போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில், நகரத்தைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் அவரைத் தேடிப்பிடித்து அப்பதவியில் அமர்த்தினர். பின்னர் மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தனர். மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1974இல் பதவியிலிருக்கும்போதே அவர் மறைந்தார். 29 ஆண்டுகள்! குண்டுவீச்சில் இடிந்து விழுந்த நகரத்தின் கல்லும் செங்கல்லும் ஊருக்கு வெளியே இருந்த பிர்க்கன்கோப்ஃப் என்னும் குன்றின்மேல் கொட்டப்பட்டன. ஏறக்குறைய 15 இலட்சம் கன மீட்டர் இடிபாடு. அதனால் அக்குன்றின் உயரமே சுமார் 40 மீட்டர் கூடியது. இன்றும் அக்குன்றின் உச்சியில் பழைய கட்டடங்களின் செதுக்கு வேலைப்பாடுகள் கற்குவியலுக்கிடையே தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. கிளெட்டின் காலத்தில் அகன்ற சாலைகளுக்காகச் சில பழம்பெரும் கட்டடங்கள் இடிக்கப்பட்டதையும் அந்நகரத்தார் மறக்கவில்லை. நீண்ட காலம் ஆண்டவரின் பிழைகளும் நீண்ட காலம் நிற்கும்.

இரண்டாமவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அவர் பெயர் மன்ஃபிரெட் ரோமெல். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பேர்பெற்ற படைத்தலைவர் எர்வின் ரோமெலின் ஒரே மகன். 1928ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். 1944 அக்டோபரில், இட்லரைக் கொல்ல நடந்த சதியில் தந்தைக்குத் தொடர்பிருப்பதாக ஐயுற்ற ஆட்சி, நஞ்சுண்டு இறப்பதா நீதிமன்றத்தின் முன் நிற்பதா என்று அவரிடமே கேட்டது. குடும்பத்தைக் காக்க அவர் நஞ்சைத் தேர்ந்தார். அப்போது மகனுக்கு வயது 15. போர்க்காயங்களால் இறந்தார் என்று அறிவித்து, அதே ஆட்சி அரசு மரியாதையுடன் அடக்கமும் செய்தது. கொன்றவர்களே மலர்வளையம் வைத்த ஒரு சவ அடக்கத்தைக் கண்ட சிறுவன் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

சட்டம் பயின்று, மாநில நிதியமைச்சில் உயர் பொறுப்பில் இருந்தவர், 1974 டிசம்பரில் இரண்டாம் சுற்று வாக்களிப்பில் வென்று மேயரானார். 1982இலும் 1990இலும் நடந்த தேர்தல்களில் முதல் சுற்றிலேயே பெரும்பான்மை கிடைத்தது. வயது வரம்பை எட்டிய 1996இன் இறுதியில் விலகினார். 22 ஆண்டுகள். சிக்கனக்காரர், நகைச்சுவையாளர், நகரத்தின் கடனைக் குறைத்தவர் என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் அவர் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது 1977இன் இலையுதிர் காலத்தில்தான்.

அவ்வாண்டு ஜெர்மனியைச் செம்படைப் பிரிவு என்னும் தீவிரவாதக் குழு உலுக்கியது. தொழிலதிபர் சங்கத் தலைவர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். ஸ்டுட்கார்ட்டின் ஸ்டம்ஹைம் சிறையிலிருந்த அக்குழுவின் மூன்று தலைவர்கள் அக்டோபர் 18ஆம் நாள் இறந்தனர். அவர்களை எங்கே புதைப்பது? நாட்டு மக்களின் சினம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். தங்கள் உறவினரின் கல்லறைக்கு அருகில் அவர்களைப் புதைப்பதைப் பலரும் எதிர்த்தனர். ரோமெலின் சொந்தக் கட்சியான கிறித்துவ மக்களாட்சி ஒன்றியத்திலேயே கடும் எதிர்ப்பு. நகரத்தின் இடுகாடு நகராட்சியின் பொறுப்பு. எனவே முடிவு மேயருடையது. டோர்ன்ஹால்டன் இடுகாட்டில் மூவரையும் ஒரே குழியில் அடக்கம் செய்ய ரோமெல் அனுமதித்தார். இறப்போடு பகை முடிந்துவிட வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். அவருடைய தந்தையின் சவ அடக்கத்தை அறிந்த எவருக்கும் அச்சொல்லின் எடை புரியும் என்று நாம் எண்ணுகிறோம்.

அடுத்த தேர்தலில் மக்கள் அவரைத் தண்டிக்கவில்லை; முன்னிலும் கூடுதலான வாக்கு விழுக்காட்டில் தேர்ந்தெடுத்தனர். இங்குதான் நம் பேச்சின் முடிச்சு இருக்கிறது. கட்சியை மீறி ஒரு மேயர் அவ்வாறு செய்ய எப்படி முடிந்தது? மனத்துணிவு ஒரு காரணம். சட்ட அமைப்பு இன்னொரு காரணம். ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மேயரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தவணை 8 ஆண்டுகள். அவரே நகர மன்றத்தின் தலைவர். அவரே நிர்வாகத்தின் தலைவர். மன்ற உறுப்பினர்களோ கட்சித் தலைமையோ ஒருநாள் மாலையில் கூடி அவரைக் கீழே இறக்கிவிட முடியாது. மக்களுக்கு மட்டுமே அவர் விடைசொல்ல வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஃபெர்ரியில் பட்டர்வொர்த்திலிருந்து அக்கரைக்குச் சென்று, கோட்டைக்கு அருகேயுள்ள கடற்கரைத் திடலில் நின்றால் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் தெரியும். 1903இல் கட்டி முடிக்கப்பட்ட மாநகர் மன்ற மாளிகை அது. பள்ளிச் சுற்றுலாக்களில் மாணவர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே யார் அமர்ந்திருந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

மலாயாவிலேயே முதன்முதலாக நகராண்மைத் தேர்தல் நடந்த இடம் ஜார்ஜ்டவுன். 1951 டிசம்பர் 1ஆம் நாள். நாடாளுமன்றத்திற்கோ சட்டமன்றத்திற்கோ வாக்களிக்க இந்நாட்டு மக்கள் கற்றுக்கொள்வதற்கு முன், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றுக்காக வாக்களிக்கக் கற்றுக்கொண்டார்கள். தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்னும் மூன்று வட்டாரங்கள், ஒன்பது இடங்கள். அத்தேர்தலில் ஆறு இடங்களை ரேடிக்கல் கட்சி வென்றது. மற்ற உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்களே. சில ஆண்டுகளில் அந்நிலையும் மாறி, உறுப்பினர் அனைவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமாயிற்று. 1957 ஜனவரி 1ஆம் நாள் எலிசபெத் அரசியாரின் பட்டயத்தின்வழி ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. நாடு விடுதலை பெற்றது அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள். ஆக, மாநகரம் நாட்டைவிட எட்டு மாதம் மூத்தது. கோலாலம்பூர் மாநகரமானது 1972இல்தான் என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அம்மாநகரின் முதல் மேயர் ஒரு தமிழர். டி. எஸ். இராமநாதன். ஆசிரியர் தொழிலிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். மலாயாத் தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத்தில், அந்நகரத்தாரின் வாக்குகளால் அமைந்த மன்றம், ஒரு தமிழரைத் தலைவராக ஏற்றது. இதை இனப்பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைய வாக்காளர் வேட்பாளரின் இனத்தைக் காட்டிலும் அவர் நின்ற கொள்கையைப் பார்த்தார் என்பதற்கு இது ஒரு சான்று என்பதால் சொல்கிறோம். நம்மவர் சிலர் இப்பெயரைச் சொல்லும்போது 'நம் இனத்தவர்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அவர் எந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தார், அது பின்னர் எங்கே போயிற்று என்னும் கேள்வியே பயனுள்ளது.

அந்த அதிகாரம் இன்று நம்பமுடியாத அளவுக்குப் பெரியது. 1904 முதல் நகரத்தின் மின்வழங்கல் நகராண்மையின் கையில் இருந்தது. குடிநீர் அதன் கையில் இருந்தது. தண்டவாளத்தில் ஓடிய டிராம் வண்டிகள் ஒழிந்தபின், மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடிய பேருந்துகளையும் அதுவே நடத்தியது. அவை 1961 வரை ஓடின. 1962இல் நிறைவுற்ற ஆயர் ஈத்தாம் அணைக்கட்டும் மாநகர் மன்றத்தின் பணியே. பினாங்கு மாநில அரசின் வருவாயைவிட மாநகர் மன்றத்தின் ஆண்டு வருவாய் மிகுதி. மலாயாவின் மிகச் செல்வமிக்க உள்ளாட்சி மன்றம் அது. மின்விசிறி சுழல்வது, குழாயில் நீர் வருவது, பேருந்து நேரத்துக்கு வருவது என்று ஓர் எளிய குடும்பத்தின் ஒரு நாள் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வெள்ளை மாளிகையில் தீர்மானிக்கப்பட்டது. தொழிலாளர் நலம் பேசிய ஒரு கட்சிக்கு அத்தகைய மன்றம் கிடைத்தது சிறிய செய்தி அன்று. கூட்டரசிலும் மாநிலத்திலும் கூட்டணிக் கட்சி ஆண்டது. தலைநகரில் மட்டும் எதிர்க்கட்சி ஆண்டது. இவ்விரண்டுக்கும் இடையே உரசல் எழாமல் எப்படி இருக்கும்?

இராமநாதன் 1961 வரை மேயராக இருந்தார். மக்கள் தெருவில் இறங்கி அவரை வெறுத்ததாலன்று அவர் காலம் முடிந்தது. ஜார்ஜ்டவுன் மேயரை நேரடியாக மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மன்ற உறுப்பினர்களே தம்முள் ஒருவரைத் தேர்ந்தனர். எனவே கட்சியின் ஆதரவே மேயரின் நாற்காலியைத் தாங்கிய கால். தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் 1957இல் சோசலிச முன்னணியாக இணைந்தபின், கட்சிக்குள் தீவிரப் போக்கு வலுப்பெற்று வந்தது. இராமநாதனோ ஆங்கிலக் கல்வி பெற்ற மிதவாதத் தலைமுறையைச் சேர்ந்தவர். அந்த இடைவெளி நாளுக்கு நாள் விரிந்தது. அவருக்குப்பின் ஊய் தியாம் சியூ மேயரானார். அவருக்கும்பின் சூய் இயூ சோய். மூவரும் சேர்ந்து ஆண்ட காலம் மொத்தம் ஒன்பது ஆண்டுகள்.

ஸ்டுட்கார்ட்டில் 51 ஆண்டுகளுக்கு இருவர். ஜார்ஜ்டவுனில் 9 ஆண்டுகளுக்கு மூவர். இதைக் கொண்டு அவர்கள் சிறந்தவர்கள், நம்மவர்கள் குறைந்தவர்கள் என்று முடிவு கட்டுவது பிழை. ரோமெல் நம் ஜார்ஜ்டவுனில் மேயராயிருந்து, 1977இல் செய்ததைச் செய்திருப்பாரேயானால், மறுநாளே மன்றக் கூட்டத்தில் அவர் பதவி போயிருக்கும். மனிதரை மட்டும் பார்த்து அமைப்பை மறந்துவிடுவது நம் வரலாற்றுப் பாடங்களில் தொடர்ந்து நேர்கிற குறை என்று தோன்றுகிறது.

மூன்றாவது மேயரோடு அந்த நாற்காலியே வெறுமையாயிற்று. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம்காட்டி நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிறுத்திவைப்பு என்றே அறிவித்தார்கள். ஒழிப்பு என்று சொல்லவில்லை. அமைதி திரும்பியபின் தேர்தலும் திரும்பும் என்பதே அன்றைய வாக்கு. மறு ஆண்டு, நிர்வாக முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளின் பேரில், ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பணிகளை முதலமைச்சர் வோங் பாவ் நீ பொறுப்பேற்றுக்கொண்டார். மன்றம் குற்றமற்றது என்று நாம் வாதிட வரவில்லை. பல உள்ளாட்சி மன்றங்களில் அன்று குறைகள் இருந்தன. ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினர் தவறு செய்தால் சட்டமன்றத்தையே மூடிவிடுவதில்லை, இடைத்தேர்தல் வைக்கிறோம். நகர மன்றத்திற்கு மட்டும் அந்த நீதி கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு தமிழர் வருகிறார். செனட்டர் அத்தி நாகப்பன். உள்ளாட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்திற்கு அவரே தலைவர். அவர் ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர், ம.இ.கா.வின் தலைவர்களுள் ஒருவர். ஆட்சியாளர் விரும்பியதை எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆணையம் நாடு முழுவதும் சான்றுகளைத் திரட்டி, 1968இல் அறிக்கையை முடித்தது. தேர்தலால் விளையும் தீமைகளைவிட நன்மைகளே மிகுதி. உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களாலேயே நடத்தப்பட வேண்டும் என்பதே அதன் பரிந்துரையின் சாரம். அறிக்கை 1971இல்தான் வெளியிடப்பட்டது. அதற்குள் 1969 மே 13 நிகழ்ந்துவிட்டிருந்தது. நாட்டின் மனநிலை மாறிவிட்டது. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கான கதவை அடைத்தது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை வந்தது. அம்முறையே இன்றும் நடப்பில் உள்ளது.

இராமநாதனைப் பற்றி மேடைகளில் கேட்கிறோம். அத்தி நாகப்பனைப் பற்றி அத்தனை கேட்பதில்லை. எங்கள் கணிப்பில், நகரத்தை ஆண்டவரைவிட, தம் தரப்புக்கு உவப்பில்லாத உண்மையைத் தம் தரப்பிடமே எழுதிக்கொடுத்தவரின் பணி எவ்வகையிலும் சிறியதன்று.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அன்றைய நகரங்களில் ஓர் இனத்தவரே பெரும்பான்மை. கிராமங்களில் இன்னோர் இனத்தவர். நகரங்களில் மட்டும் தேர்தல் நடந்தால் ஒரு சாராரின் குரலே ஓங்கும், இனப்பிளவு கூர்மையடையும் என்ற அச்சம் இருந்தது, இன்றும் இருக்கிறது. செலவு மிகும் என்பாரும், ஒரே ஊரில் இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரங்கள் மோதிக்கொள்ளும் என்பாரும் உளர். இவை புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஆனால் ஐம்பது ஆண்டுகளில் மலேசிய நகரங்களின் முகமே மாறிவிட்டது. கிராமங்களிலிருந்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். 1960களின் மக்கள்தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய நகரங்களைப் பற்றித் தீர்ப்பளிப்பது எந்த அளவுக்குச் சரி என்பதைப் புவியியல் ஆசிரியர்கள் வகுப்பில் விவாதப் பொருளாக வைக்கலாம்.

பினாங்கு மாநிலம் முயலாமலும் இல்லை. தீவிலும் செபராங் பிறையிலும் உள்ளாட்சித் தேர்தல் நடத்த 2012இல் மாநிலச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், அத்தகைய சட்டம் இயற்ற மாநிலத்திற்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே பினாங்குத் தீவு மாநகர் மன்றமாக உயர்த்தப்பட்டு, பத்தாஹியா இஸ்மாயில் மேயராக அமர்த்தப்பட்டார். 1966இல் வெறுமையான மேயர் பதவி 49 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நிரம்பியது. ஆனால் அது மக்கள் வாக்களித்த நாற்காலி அன்று, நியமன நாற்காலி. 2023இல் அந்நாற்காலியில் அமர்ந்த இராஜேந்திரன், இராமநாதனுக்குப் பின் தீவின் மேயரான முதல் இந்தியர் என்று நாளிதழ்கள் எழுதின. செய்தி சரி. ஆனால் அவ்விருவரும் வெவ்வேறு வாயில்கள் வழியாக அந்த அறைக்குள் நுழைந்தவர்கள். ஒருவர் வாக்குப்பெட்டியின் வழியாக; மற்றவர் மன்றச் செயலாளர் பொறுப்பு வரை உயர்ந்த நிர்வாகப் பணியின் வழியாக. நீண்ட நிர்வாகப் பட்டறிவு ஒரு பெருஞ்செல்வம்தான்; அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் பதவியும் ஒன்றே என்று மாணவர்கள் மயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறோம்.

நீண்ட காலப் பதவி நன்றா தீதா என்னும் கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. தமிழ் மாணவர்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு பாடப்புத்தகத்தின்வழி தெரிந்திருக்கும். முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, பெயரெழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டு, ஒரு சிறுவன் எடுத்த ஓலைக்குரியவர் உறுப்பினரானார். இதைப் படித்து, உலகின் முதல் மக்களாட்சி என்று மார்தட்டிக்கொள்கிறோம். அது பிரமதேய ஊரின் சபை. நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவருக்கு மட்டுமே உரியது. உழுதவனுக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதே நேர்மை. ஆயினும் அதில் நாம் கூர்ந்து பார்க்கவேண்டிய விதிகள் இரண்டு உண்டு. ஒன்று, வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்றாண்டுகளுக்கு மீண்டும் வரக்கூடாது. மற்றொன்று, கணக்குக் காட்டாதவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எதுவாயினும் ஓராண்டே தவணை.

அவ்வூரார் நீண்ட பதவியை அஞ்சினார்கள். ஸ்டுட்கார்ட்டார் அதை விரும்பி அளித்தார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்ததில், இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை தெரிந்தது. உத்திரமேரூரில் கணக்குக் காட்டும் நாள் கல்லில் வெட்டப்பட்டிருந்தது. ஸ்டுட்கார்ட்டில் கணக்குக் கேட்கும் நாள் எட்டாண்டுக்கு ஒருமுறை நாட்காட்டியில் இருந்தது. ரோமெலின் 22 ஆண்டுகள் ஒரே நீட்சி அன்று. மூன்று தனித்தனித் தேர்வுகள். ஒவ்வொரு முறையும் அவர் தோற்றிருக்கக் கூடும். அந்த வாய்ப்பு இருந்ததால்தான் அந்நீட்சிக்கு மதிப்பு.

நம் கெப்பாலா பத்தாஸையே எடுத்துக்கொள்வோம். நாம் வாழ்வது வட செபராங் பிறை மாவட்டத்தில். நம் சாக்கடை, சந்தை, தெருவிளக்கு, விளையாட்டுத் திடல் எல்லாம் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. வட, மத்திய, தென் பகுதிகளுக்குத் தனித்தனியே இருந்த மன்றங்கள் 1970களில் ஒன்றாக்கப்பட்டன. 2019 செப்டம்பர் 16ஆம் நாள் மாநகர் மன்றமாயிற்று. வயல்களையும் செம்பனைத் தோட்டங்களையும் மீனவர் ஊர்களையும் உள்ளடக்கிய மாநகரம் இது! அதன் பரப்பு தீவைவிடப் பெரியது. இத்துணை பெரிய பரப்புக்கு உறுப்பினர்கள் 24 பேர்.

அண்மையில் இடைநிலைப்பள்ளி மாணவர் சிலரிடம் ஒரு சிறு வினாவைக் கேட்டோம். உங்கள் வீட்டு முன்னுள்ள சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வீர்கள்? ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் என்றார். ஒருவர் பிரதமர் என்றார். ஒரு மாணவி, அப்பாவிடம் சொல்வேன், அவர் முகநூலில் போடுவார் என்றாள். அவையில் சிரிப்பொலி எழுவது நமக்குக் கேட்கிறது; அன்று நாமும் சிரித்தோம். மாநகர் மன்ற உறுப்பினர் என்ற விடை ஒருவரிடமிருந்தும் வரவில்லை. அவர்கள்மீது குறை சொல்ல இயலாது. தான் தேர்ந்தெடுக்காத ஒருவரின் பெயரை எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. உண்மையைச் சொன்னால், நம் பகுதி உறுப்பினரின் பெயரை இப்பேச்சுக்காகத் தேடும்வரை நாமும் அறிந்திருக்கவில்லை.

ஸ்டுட்கார்ட்டின் விமான நிலையத்திற்கு 2014இல் மன்ஃபிரெட் ரோமெலின் பெயர் சூட்டப்பட்டது. ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் பெயரில் தீவில் ஒரு சாலை இருக்கிறது. அச்சாலைப் பலகையைக் கடந்துபோகிற நம் மாணவர்கள், அவர் யாரோ ஒரு வள்ளல் அல்லது கோயில் தலைவர் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை.

இறுதியாக, மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்நாட்டில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல்கள் நடந்தது 1963இல். அப்போது வாக்களிக்கும் வயது 21. அத்தேர்தலில் வாக்களித்தவர்களுள் மிக இளையவர்களே இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களுள் துறைமுகத் தொழிலாளர் உண்டு. நகராண்மைக் கழகத்தில் துப்புரவுப் பணியாற்றியோர் உண்டு. ஜெலுத்தோங்கில் கடை வைத்திருந்தோர் உண்டு. உங்கள் தாத்தா பாட்டியரிடமும், அண்டை வீட்டுப் பெரியவர்களிடமும் உட்கார்ந்து கேளுங்கள். வாக்குச்சாவடி எந்தப் பள்ளியில் இருந்தது, வேட்பாளர் எந்த மொழியில் பேசினார், எந்தச் சின்னத்திற்கு வாக்களித்தார்கள், மேயர் தெருவில் நடந்துவந்தால் அவரிடம் என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல், நாளும் இடமும் குறித்து எழுதி, உங்கள் தமிழாசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்கள் அவற்றைத் திரட்டி மன்றத்திற்கு அனுப்பினால், இவ்வரிசையின் இன்னொரு நூலில் அவற்றை அச்சிட முயல்வோம். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் தொடங்கிவிடுங்கள்.